பறக்க முடியாத ஆண் ஈக்கள்

நவம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை பிரிப்பு நாள். மலையோரத் தேன் வளர்ப்போர் சங்கத்தில் இருக்கும் அத்தனை பேரும் அன்று ஒரே நாளில் தங்கள் தேனீப் பெட்டிகளைத் திறந்து, ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரிப்பார்கள். அவரவர் வசதிக்குப் பிரித்தால் ஆகாதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. ஆகாது. பிரித்த பாதியில் புதிய ராணி பிறந்து, அவள் வானத்தில் உயரப் பறந்து மணம் முடித்து வரும் நாளில், ஊரெங்கும் ஆண் ஈக்கள் பறந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு ஊர் முழுவதுமே மாப்பிள்ளை வீடாகும் வழக்கம் தேனீக்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், பெனிட்டா வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டத்தில் ஒரு பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஆவணியில் கிழ ராணி செத்து, புது ராணி எழும்பிய பெட்டி அது. மூடியைத் தூக்கியதும் நல்ல இரைச்சல் கேட்டது. தெரியாதவர்கள் கேட்டால் கூட்டம் செழித்துக் கிடக்கிறது என்றே சொல்வார்கள். ஆனால் அடையில் மொய்த்திருந்தவை முக்கால்வாசியும் ஆண் ஈக்கள். கறுத்துத் தடித்த, கொட்டத் தெரியாத, தேன் எடுக்கத் தெரியாத ஆண் ஈக்கள்.

ராணி மணமாகாமல் திரும்பிவிட்டால் அப்படித்தான் ஆகும். அவள் இடும் முட்டை எல்லாம் ஆணாகவே பொரியும். தேன் கொண்டுவரவும், புழுவுக்கு ஊட்டவும், எறும்பை விரட்டவும் புதிதாக ஒரு பெண் ஈயும் பிறக்காது. வீடு நிறைய ஆட்கள், அடுப்பில் பூனை. இரண்டு மாதத்தில் கூட்டம் பட்டினியில் செத்துப்போகும்.

பெனிட்டா ஓர் ஆண் ஈயை விரல்களால் மெல்லப் பிடித்து மேலே வீசினாள். அது இடுப்பு உயரம் வரைக்கும் படபடத்தது. பிறகு சருகில் விழுந்து, எழுந்து, ஊர்ந்தது. இன்னொன்றை வீசினாள். அதுவும் அப்படியே. ஏழாவது ஈயோடு நிறுத்திக்கொண்டு மூடியைப் போட்டாள்.

போன வருடம் இதே நாளில் சங்கத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பெட்டிகள் இருந்தன. எல்லாரும் சந்தோஷமாகப் பிரித்தார்கள். பிரித்த பாதிகள் மணமாகாத ராணிகளோடு செத்தன. ஆள்பலம் பாதியாகிப் போன தாய்க் கூட்டங்களில் பெரும்பகுதி கார்த்திகை மழையைத் தாங்கவில்லை. இப்போது மிச்சம் எண்ணூறு பெட்டிகள். வெயில்தான் காரணம் என்றார்கள் சிலர். ரப்பருக்கு அடித்த மருந்து என்றார்கள் சிலர். மலைமேல் புதிதாக நட்ட செல்போன் கோபுரம் என்று சொன்னவர்களும் உண்டு. பெனிட்டாவை மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சோறு இறங்கியிருக்கும்.

ஏனென்றால் அத்தனை பெட்டிகளிலும் இருந்தவை அவள் உண்டாக்கிய ராணிகள்.

மாசியில் ரப்பர் இலை துளிர்க்கும்போதுதான் அந்தப் பக்கத்தில் தேன் வரத்து. அந்த மாசியிலேயே நாற்பத்திரண்டு டிகிரி வெயில் அடிக்கத் தொடங்கிய வருடங்களில், ஈக்கள் தேனுக்குப் போகாமல் கூட்டு வாசலில் நின்று சிறகால் விசிறிக்கொண்டே செத்தன. பத்து மணி நேர பஸ் தூரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த பெனிட்டா, எட்டு வருடம் பாடுபட்டு, வெயிலைத் தாங்கும் ஒரு ராணி வம்சத்தை உருவாக்கினாள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்விடும் எட்டு வருடம். மூன்று வருடம் கணவனின் தோட்டத்தில் நாற்பது பெட்டிகளில் சோதனை நடந்தது. பொரிகிற வெயிலிலும் அந்த ஈக்கள் உச்சிப்பொழுதில் பறந்துபோய்த் தேன் கொண்டுவந்தன. ஊர்க்காரர்கள் அதற்கு 'பெனி ராணி' என்று பெயர் வைத்தார்கள். நிலையத்தில் பெருக்கி, அங்கேயே மணமுடித்து, ஆளுக்கு இத்தனை என்று கொடுத்த பெனி ராணிகள் எல்லாருடைய பெட்டிக்குள்ளும் போயின. வீட்டுக்குப் பக்கத்தில் குலசேகரத்தில் கிளை நிலையம் திறந்தார்கள். அதற்கு அவளையே பொறுப்பாகப் போட்டார்கள். பெனிட்டா பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"இங்கயா இருக்க?"

கணவன் டென்சிங் கையில் ஒரு காகிதத்தோடு வந்தான். சங்கத்தின் செயலாளர் அவன். உயரமான ஆள், ரப்பர் மரங்களுக்கு நடுவே நடக்கும்போது கூடத் தலையைக் கொஞ்சம் குனிந்தே நடப்பான்.

"இன்னும் ஒப்பு போடல்லியா பெனி? தலைவரு ரெண்டு தடவ போன் பண்ணியாச்சு. நாளைக்கு காலத்த ஏழு மணி கூட்டத்துல வாசிக்கணும்னு சொல்லுதாரு."

அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியும். பெட்டிகள் செத்ததற்கான காரணம் பற்றிச் சங்கம் தயாரித்த அறிக்கை. உறுப்பினர் ரெத்தினபாய், புதிய ராணிகள் மணம் முடிக்கப் பறந்த நாட்களில் பெட்டிகளை மீண்டும் மீண்டும் திறந்து பார்த்ததால் ராணிகள் மிரண்டு கெட்டன. அவருடைய அறுபது பெட்டிகளும் முதலில் செத்தன. அங்கிருந்தே கேடு மற்றப் பெட்டிகளுக்கும் பரவியது. ஆகவே அவர் இனிப் பெட்டி பிரிக்கக் கூடாது. கீழே, 'மேற்கண்டவை அறிவியல்படி சரி' என்று பெனிட்டா கையெழுத்துப் போட ஒரு கோடு.

"ரெத்தினபாய் அக்கா என்ன சொல்லுதாவ?"

"என்ன சொல்லுவா? ஒண்ணுமே சொல்லல்ல. அதுதான் எனக்கும் ஆச்சரியம். அவ வாய்க்கு ஏசுவடியான்லாம் நாலு நாள் படுத்திருக்கணும். 'நடந்தது நடந்துபோச்சு, எனக்க தப்புதான்'ன்னு சொல்லிட்டுப் போறா."

ஏசுவடியான்தான் சங்கத் தலைவர். ரெத்தினபாய் கணவன் போன பிறகு ஒற்றை ஆளாக அறுபது பெட்டி வளர்த்தவள். பெனிட்டாவை விடப் பதினைந்து வயது மூப்பு. சோதனை நடந்த வருடங்களில், கேட்காமலேயே வந்து கூடமாட வேலை செய்வாள். 'எனக்க ஊர்ப் பிள்ள கண்டுபிடிச்சதாக்கும்' என்று சந்தையில் தேன் வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் பெருமை பேசுவாள்.

"உள்ள வாங்க," என்றாள் பெனிட்டா. "உங்ககிட்ட ஒரு காரியம் சொல்லணும்."

அடுக்களையில் சுவரோரம் ஓர் ஆணியில், கடையில் தொங்குவது போலக் காப்பித்தூள் பாக்கெட் சரம் தொங்கிக்கொண்டிருந்தது. பெனிட்டா அதை எடுத்து மேசையில் நீளமாக விரித்தாள்.

"காப்பி போடதுக்கா கூப்பிட்ட?" என்றான் டென்சிங்.

"உக்காருங்க. ஈயோட உடம்புல ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் சின்னச் சின்ன அடுப்பு உண்டுன்னு சொல்லியிருக்கேன்லா."

"மைட்டோகாண்ட்ரியா. கல்யாணம் கழிஞ்ச முதல் வாரம் சொல்லித்தந்தது. வேற புருஷன்மாருக்கு சினிமா கதை சொல்லுவினும்."

அவள் சிரிக்கவில்லை. அவன் முகத்திலும் சிரிப்பு அடங்கிற்று.

"அந்த அடுப்புக்குன்னு தனியா கொஞ்சம் மரபணு உண்டு. அது அம்மை வழியா மட்டும்தான் வரும். அதைப் படியெடுக்கும்போது ஒவ்வொண்ணா எடுக்காது. எல்லாத்தையும் சேத்து ஒரே நீள இழையா எடுக்கும். இந்தச் சரம் மாதிரி. பொறவு ஒவ்வொண்ணா வெட்டி எடுக்கணும். எங்க வெட்டணும்னு எப்படித் தெரியும்?"

அவன் இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவே புள்ளி புள்ளியாகத் துளையிட்டிருந்த கோட்டைத் தொட்டான்.

"அதேதான். ரெண்டு மரபணுவுக்கு நடுவுல சின்னதா ஒரு மடிப்பு உண்டு. அந்த மடிப்பைப் பாத்து, கத்திரி மாதிரி ஒரு புரதம் வந்து வெட்டும். நான் செஞ்சது இதாக்கும்: ஒரே ஒரு மடிப்பைக் கொஞ்சம் மாத்தி வச்சேன். அந்த எடத்துல வெட்டு மெதுவா விழும். அடுப்பு நிதானமா எரியும். ஈக்கு உள்சூடு கொறையும். அதான் வெயிலத் தாங்குது."

"இதெல்லாம் நீ அன்னைக்கே சொன்னதுதானே."

"மீதிய சொல்லல்ல." அவள் ஒரு பாக்கெட்டைக் கிழித்தாள். துளைக்கோட்டில் அழகாகப் பிரிந்து வந்தது. "பெண் ஈக்கு அம்மையும் உண்டு, அப்பனும் உண்டு. ரெண்டு பேர்கிட்ட இருந்தும் கத்திரி வரும். மெதுவானாலும் வெட்டி முடிச்சிரும். ஆண் ஈக்கு அப்பன் கிடையாது. மணம் சேராத முட்டையில பொரியுதது. அதுக்கு ஒத்தக் கத்திரிதான். அதால அந்த மடிப்ப வெட்ட முடியல்ல. ரெண்டு பாக்கெட்டும் ஒட்டிக்கிட்டே கிடக்கு. ஒட்டிக்கிடந்தா உபயோகம் இல்ல. திங்கதுக்கும் நடக்கதுக்கும் அந்த அடுப்பு போதும். ராணிக்கு பின்னால அம்பது அடி உயரம் பறக்கதுக்கு போதாது."

டென்சிங் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சோதனை நடந்தப்ப நம்ம தோட்டத்துல நாப்பது பெட்டிதான் புது வம்சம். சுத்தி எல்லாருக்க பெட்டியிலயும் பழசு. நம்ம ராணிகளுக்கு அந்த ஆண் ஈ வந்து சேந்து. அதனால தெரியல்ல. ஊர் முழுக்க எனக்க ராணிய வச்ச பொறவு, நல்லா பறக்குத ஆண் ஈ ஒண்ணு கூட இல்லாம ஆச்சு."

"நாளைக்கு பிரிச்சா?"

"மிச்ச எண்ணூறும் போவும். பிரிச்ச பாதி ராணி கெட்டு சாவும். தாய்ப் பாதி ஆள் கொறஞ்சு மழையில சாவும்."

"சரி," என்றான் அவன் மெதுவாக. "இப்பம்தானே கண்டுபிடிச்சிருக்க. நாளைக்கு சொல்லிருவோம். தெரியாம நடந்ததுக்கு..."

"தெரியாம இல்ல."

சொல்லிவிட்டு அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சோதனை ரெண்டாம் வருஷம், ஒரு ஐப்பசி. அறிக்கையில ஆண் ஈக்கும் ஒரு கட்டம் உண்டு, அதை நிரப்பணும்னு கொஞ்சம் பிடிச்சிட்டு போனேன். பதினேழாம் நம்பர் குழாய். பாத்தா வெட்டாம ஒட்டின நீள இழை. மாதிரி கெட்டுப்போச்சுன்னு எழுதினேன். கெட்டுப்போனா இழை துண்டு துண்டாத்தான் ஆகும், நீளமா ஆகாது. முதல் வருஷம் படிக்குத பிள்ளைக்கும் அது தெரியும். எனக்குத் தெரியாதா? திரும்ப செய்யணும்னா இன்னும் ரெண்டு வருஷம். அந்த பஸ்ஸுல இன்னும் இருநூறு தடவ ஏறணும். எனக்கு வீட்டுக்கு வரணும் போல இருந்து. கட்டத்த நிரப்பி ஒப்பு போட்டேன்."

வெளியே ஒரு காற்றடித்தது. ரப்பர் சருகுகள் ஓட்டின்மேல் விழும் சத்தம் கேட்டது. டென்சிங் கேட்டது அவள் எதிர்பார்த்த கேள்வி இல்லை.

"அன்னைக்கு எத்தன ஆண் ஈ கிடைச்சு உனக்கு?"

"ஆறு. நாப்பது பெட்டியிலயும் சேத்து ஆறே ஆறு. நீங்க அறைய வெட்டியிருந்தியல்லா."

ஆண் ஈக்கள் வளரும் அறைகள் மற்றவற்றை விடப் பெரிதாக, மூடியில் ஊசிமுனைத் துளையோடு, அடையின் கீழோரத்தில் வரிசையாக இருக்கும். அவை உட்கார்ந்து தின்கிறவை என்பதால், தேன் காலத்தில் அந்த ஓரத்தைக் கத்தியால் அறுத்து எறிந்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

"ஆண் அறைய வெட்டது மாசியில," என்றான் டென்சிங். "நீ வந்தது ஐப்பசியில. பிரிப்புக் காலத்துல ஒருத்தனும் வெட்டமாட்டான். பிரிக்கதே அதை நம்பித்தானே."

பெனிட்டா நிமிர்ந்து பார்த்தாள்.

"பெட்டிக்கு முன்னால தரையில ஊந்துட்டு கிடந்து. பத்து, இருவது, அம்பது. எனக்கு உன்ன மாதிரி இழையும் மடிப்பும் தெரியாது. ஆனா அது சரியில்லன்னு தெரியும். பதினஞ்சு வயசுல இருந்து ஈ பாக்கேன். நீ சனிக்கிழம வாறதுக்கு முன்னால வெள்ளிக்கிழம சாயங்காலமே எல்லா பெட்டியையும் தெறந்து, அறைய வெட்டி, ஊந்தத தூத்து வாரி கோழிக்கு போட்டேன். ஆறு எப்படியோ தப்பிச்சிருக்கு."

"எதுக்கு?"

"பாத்தா நீ இன்னும் ரெண்டு வருஷம் அங்கயே இருந்திருப்பல்லா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் பெனிட்டாவுக்குப் பாரம் பாதி இறங்கினாற்போல் இருந்தது. தான் ஒருத்தி மட்டும் இல்லை. பங்குக்கு ஓர் ஆள் உண்டு. அந்த ஆறுதல் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நாற்பது பெட்டியில் ஆறு ஈ என்றால் ஏன் என்று அன்றைக்கு அவள் கேட்டிருக்க வேண்டும். ஐப்பசியில் ஆண் அறை காணவில்லையே என்று கேட்டிருக்க வேண்டும். ஈயைப் பற்றி அவ்வளவு படித்தவள் கேட்கவில்லை. கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவானோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லையோ என்று இப்போது தோன்றியது. ஒரே வீட்டில் படுத்து எழுந்த இரண்டு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், ஊரைப் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள்.

"நாளைக்கு நான் சொல்லுதேன்," என்றான் டென்சிங். "நான் வெட்டி மறைச்சேன், அதனால உனக்கு தெரியாம போச்சுன்னு சொன்னா போதும். அது பொய்யும் இல்லல்லா. நீ அந்த குழாய் காரியத்த சொல்லாண்டாம். உனக்க வேல போவும். படிச்ச படிப்பு போவும். நான் பெட்டிக்காரன். எனக்கு என்ன போவப்போவுது?"

அவள் அறிக்கையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அந்தக் கோடு காலியாகவே இருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சங்கக் கட்டடத்தில் நூறு பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கத்தி, ஒரு புகைப்பான். வழக்கமாகப் பிரிப்பு நாளில் கேலியும் சிரிப்புமாக இருக்கும். யார் வீட்டு ராணி யார் தோட்டத்துக்கு ஓடிப்போனாள் என்று பழைய வம்பெல்லாம் வெளியே வரும். இந்த வருடம் மெதுவாகத்தான் பேசிக்கொண்டார்கள். ரெத்தினபாய் கடைசி வரிசையில், கத்தி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். பெனிட்டாவைக் கண்டதும் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்து, இடம் கொடுத்தாள்.

"சாப்பிட்டியா மக்ளே? மூஞ்சி வாடிக் கிடக்கு."

"சாப்பிட்டேன் அக்கா." அது பொய். இந்த வருடத்தில் சொன்ன பொய்களில் அதுதான் சின்னது.

ஜெபம் முடிந்ததும் டென்சிங் எழுந்தான்.

"எல்லாரும் கேளுங்க. இந்த வருஷம் பிரிக்கண்டாம்னு சொல்லத்தான் எழும்பினேன். சோதனை நடந்தப்ப நான் ஒரு தப்பு செஞ்சேன். எனக்க பெட்டியில ஆண் ஈ ஒழுங்கா பறக்கல்ல. அதை நான் பாத்தேன். பாத்துட்டு, எனக்க வீட்டுக்காரிக்கும் காட்டாம, ஆண் அறைய வெட்டிக் களஞ்சேன்."

எல்லாரும் அவனையே பார்த்தார்கள். தலைவர் ஏசுவடியான் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா ஓய் சவ அடக்கத்துக்கு வந்தவன் மாதிரி நிக்குதீரு? ஆண் அறைய வெட்டாதவன் இந்த சங்கத்துல எவன் இருக்கான்? எனக்க அப்பன் வெட்டினாரு, நான் வெட்டுதேன். அது குத்தம்னா நம்ம எல்லாரையும் சேத்து ஜெயில்ல போடணும்."

முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. டென்சிங் மீண்டும் வாயைத் திறந்தான். ஐப்பசியில் வெட்டினேன் என்றான். பறக்காத ஈ என்றான். பறக்காத ஈ எதனால் வந்தது என்று ஒருவர் கேட்டார். அவன் மனைவியைப் பார்த்தான்.

"வெயிலடிச்சா நானே நடக்க மாட்டேங்கேன், ஈ எப்படி பறக்கும்?" என்றது ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு.

"பிரிக்காம எண்ணூற நாலாயிரம் ஆக்கது எப்படி செயலாளரே?" என்றார் ஏசுவடியான். "உக்காரும். இந்த அறிக்கைய வாசிச்சுட்டு வேலைய பாப்போம். டாக்டரம்மா, ஒப்பு போட்டாச்சுல்லா? ரெத்தினபாய், எழும்பி நில்லு. மனசுல ஒண்ணும் வச்சுக்காத. சங்கம்னா ஒரு முறை உண்டு."

ரெத்தினபாய் எழுந்து நின்றாள். பக்கத்தில் நின்ற அவளுடைய சேலை பெனிட்டாவின் முழங்கையில் பட்டது.

பெனிட்டா கைப்பையைத் திறந்து காகிதத்தை எடுத்தாள். முன்னால் நடந்து போகவில்லை. இருந்த இடத்திலேயே எழுந்து நின்றாள்.

"அக்கா பெட்டிய தெறந்ததால ராணி கெடல்ல," என்றாள். "நான் உண்டாக்கின ராணியாலதான் கெட்டு. எனக்க ராணி பெத்த ஆண் ஈ பறக்காது. ஆண் ஈ பறக்கல்லன்னா எந்த ராணிக்கும் மணமாகாது. அவரு ஆண் அறைய வெட்டினது நிஜம். ஆனா அதனால எனக்குத் தெரியாம போகல்ல. ராணிய உங்க கையில தாறதுக்கு ஒரு வருஷம் முன்னாலயே எனக்கு ஆண் ஈ கிடைச்சு. பாத்தேன். அதுல தப்பு இருக்குன்னு தெரிஞ்சு. மாதிரி கெட்டுப்போச்சுன்னு பொய் எழுதி ஒப்பு போட்டேன்."

"தெரிஞ்சேயா?" என்றார் ஏசுவடியான்.

"தெரிஞ்சு."

முன்வரிசையில் ஒருவர் தம் கத்தியைக் கொண்டுவந்த செய்தித்தாளிலேயே திரும்பச் சுற்றத் தொடங்கினார். அந்தத் தாள் மடங்கும் சத்தம் கட்டடம் முழுவதும் கேட்டது.

"நாலாயிரம் பெட்டி, பிள்ளே," என்றார் ஏசுவடியான்.

கொஞ்ச நேரம் கழித்து யாரோ கேட்டார்கள், பிரிக்காமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று.

"இப்ப இருக்குத ராணிகளுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆயுசு உண்டு. அதுக்குள்ள பழைய வம்சத்து ராணி ஒண்ணு கிடைச்சா, அதுக்க ஆண் ஈ பறக்கும். அதுக்க பெண்மக்கள வச்சு ஒவ்வொரு பெட்டியா திரும்ப மாத்தலாம். வருஷம் பிடிக்கும். ஆனா நடக்கும்."

"பழைய ராணி எங்க இருக்கு?" ஏசுவடியானின் குரல் இப்போதுதான் ஏறியது. "ஒவ்வொருத்தனும் பழைய ராணிய தீப்பெட்டியில போட்டு இந்த மேசையில கொண்டு வச்சோமே. ஒண்ணு கூட விடாண்டாம், கலந்துபோவும்னு சொல்லி, உனக்க கையாலதானே எல்லாத்தையும் ஸ்பிரிட் பாட்டில்ல போட்ட? மரப்பொந்துல இருந்தது எல்லாம் வெயில்லயே போச்சு, வெளியூர் ஈ இந்த மலைக்கு நிக்காது. எங்க போய் தேட?"

பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் குடுக்கல்ல."

சொன்னது ரெத்தினபாய். அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"எனக்க தீப்பெட்டியில இருந்தது வேற ஒரு செத்த ராணியாக்கும். அது நல்ல முட்ட போடுத ராணி. கொல்லதுக்கு மனசு வரல்ல. ஒரு மரச்சட்டம் அடையோட மேல் கோதையாறுல எனக்க தங்கச்சி வீட்டுல கொண்டு வச்சேன். அங்க குளுந்த எடம். தானா பிரிஞ்சு இப்ப மூணு கூட்டமா இருக்கு."

யாரோ "கர்த்தாவே" என்றார்கள். ஏசுவடியான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, அவளைப் பார்த்துக் கைகூப்புவதா வேண்டாமா என்று தெரியாதவர் போல நின்றார்.

"சொல்லியிருக்கலாமே ரெத்தினம்."

"என்னத்த சொல்ல? எனக்க பெட்டி அறுவதும் செத்தப்ப, சங்கத்த ஏமாத்தினதுக்கு தேவன் தந்த தண்டனைன்னு நெனச்சேன். உங்க பெட்டி எல்லாம் செத்தப்ப, என்னாலதான் உங்களுக்கும் வந்துன்னு நெனச்சேன். அதனாலதான் அந்தக் காகிதத்துல என்ன எழுதினாலும் எழுதட்டும்னு இருந்தேன்." அவள் பெனிட்டாவின் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. "ஒரு வருஷமா நான் கோயில்ல திருவிருந்து அப்பம் எடுக்கல்ல மக்ளே. இந்தப் பாவத்தோட எப்படி போய் கைநீட்டது?"

பெனிட்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரெத்தினபாய் காத்திருக்கவில்லை. மடியிலிருந்து நழுவிய பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"டென்சிங், திங்கக்கிழம ஜீப் கொண்டு வா. மூணு கூட்டத்துல ரெண்ட எடுத்துக்கலாம், ஒண்ணு அங்கயே இருக்கட்டும். வேற யாரையாவது கூட்டிட்டு வா." சற்று நிறுத்தினாள். "அவ வராண்டாம்."

"சரி அக்கா," என்றான் டென்சிங்.

அவள் போன பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். பெனிட்டாவைத் தாண்டிப் போகும்போது யாரும் அவளை இடிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. ஏசுவடியான் அறிக்கையை அவள் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்தார். நிலையத்துக்கு எழுதவேண்டிய கடிதத்தைப் பற்றி டென்சிங்கிடம் தாழ்ந்த குரலில் பேசினார். அதில் தன் பெயர் எப்படி வரும் என்று பெனிட்டாவுக்குத் தெரியும். வரட்டும்.

அவள் காலியான கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நாளை மாதத்து முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. இந்த ஒரு வருடத்தில் ஒரு மாதம்கூட அவள் தவறவிட்டதில்லை. ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்று, பலிபீடத்தின் முன்னால் முழங்கால்படியிட்டு, அப்பத்தையும் ரசத்தையும் வாங்கித் திரும்பி வரும்போது, எழுந்து வராமல் இருக்கையிலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் ரெத்தினபாயைத் தாண்டித்தான் நடந்திருக்கிறாள். சில ஞாயிறுகளில் அவள் தோளைத் தொட்டு, தைலம் தேய்க்கிறீர்களா என்றுகூட விசாரித்திருக்கிறாள்.

அக்காவுக்கு முட்டுவலி என்றுதான் அவள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.